நிலாவை நக்கிய சக்கர் மீன்

ஓடப்பாக்கம் ஏரிக்கரையில் துலுக்காணத்தின் எதிரே உட்கார்ந்து வலை பின்னுகிறவன், முதலில் தன் வாயைப் பின்னிக்கொள்ள வேண்டும். எத்திராஜுலு நான் சொல்கிறேன், பட்டவன் சொல்கிறேன். போன மாதம் மட்டும் இரண்டு தடவை அவன் வலையை என் தலையில் கட்டிவிட்டான். நான் குனிந்து பின்ன, அவன் எதிரே காலை நீட்டிக்கொண்டு, "அந்தக் கண்ணி கொஞ்சம் பெருசா போயிடுச்சு பாரு, எத்திராஜி" என்று நொட்டை வேறு சொன்னான்.

விஷயம் இதுதான். எங்கள் ஏரியில் ஒருத்தன் வலையை இன்னொருத்தன் தொடமாட்டான். தொட்டால் தொட்டவன் ராசி அதில் ஏறிக்கொள்ளும், வலைக்காரனுக்கு மீன் விழாது என்று ஒரு பயம். அதனால் எவனுக்கு என்ன அவசரம் வந்தாலும் "கொஞ்சம் பின்னிக் குடு" என்று கேட்கவும் முடியாது, "குடு, நான் பின்றேன்" என்று உதவிக்குப் போகவும் முடியாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. வலை பின்னும்போது பொழுது போக ஒருத்தன் கதை விடுவான். கேட்கிறவன் எவனாவது தாங்கமாட்டாமல் "பொய்" என்று சொல்லிவிட்டால், கதை விட்டவனின் வலையை அவன்தான் வாங்கிப் பின்னித் தர வேண்டும். அது தண்டனை, உதவி இல்லை. அதனால் தோஷமும் இல்லை.

"புளுகு", "டூப்பு", "ரீலு" எல்லாம் அதே கணக்கில் சேரும். ஒருமுறை நான் "சும்மா இருய்யா" என்று சொன்னது சேருமா சேராதா என்று அரை நாள் வழக்கு நடந்தது. பெண்கள் மீன் விற்கிறவர்கள், வலை பின்னுகிறவர்கள் இல்லை. ஆகவே அவர்கள் என்ன சொன்னாலும் கணக்கில்லை. என் சம்சாரம் தேசம்மாள் இந்தச் சலுகையை நன்றாகவே அனுபவிக்கிறாள்.

வலை கிழிவதற்கு எங்கள் ஏரியில் ஒரே காரணம் சக்கர் மீன். பட்டணத்தில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறவர்கள், கண்ணாடியில் பிடிக்கும் பாசியை நக்கிச் சுத்தம் செய்யட்டும் என்று விரல் நீளக் குஞ்சாக இதை வாங்குகிறார்கள். அது தின்று தின்று முழங்கை நீளம் வளர்ந்து தொட்டியில் இடம் போதாமல் ஆனதும், பாவம் என்று கொண்டுவந்து ஏரியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் மீனா நாங்களா என்று யாரும் கேட்கவில்லை. மேலெல்லாம் தகடு தகடாக ஓடு, துடுப்பில் முள், தலைக்கு அடியில் வட்டமாக ஒரு வாய். கல்லோ கட்டையோ, வாயை வைத்து ஒட்டிக்கொண்டால் பிடுங்க முடியாது. வலையில் மாட்டினால் புரண்டு புரண்டு கிழிக்கும். வாங்குவாரும் இல்லை, தின்பாரும் இல்லை, கரையில் தூக்கிப் போட்டால் லேசில் சாவதும் இல்லை.

அன்றைக்குத் துலுக்காணத்தின் வலை இருந்த இருப்பைப் பார்த்தால் எதிரிக்கும் இரக்கம் வரும். வலை என்று சொல்வதைவிட ஓட்டைகளை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தான் என்று சொல்லலாம். மறுநாள் விடியற்காலை ஏரியில் வலை போட எங்கள் முறை. பின்னிய வலை இல்லாதவன் ஏரியில் இறங்க முடியாது, அடுத்த முறை வரும்வரை கரையில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். இதில் மத்தியானம் அவனுக்குப் போன் வந்தது. மகள் திலகாவுக்குச் செங்கல்பட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முதல் பேத்தி. ஊருக்குள் வந்து திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் நாளைதான். திரும்பி வர, ராத்திரி அங்கிருந்து கிளம்பி விடிவதற்குள் ஏரிக்கு வந்துவிடும் மீன் லாரி இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் வலை போச்சு, வலையைப் பின்னினால் பஸ் போச்சு.

மதகுக்குப் பக்கத்தில் சங்கத்துக் கொட்டகையில் நாங்கள் மூன்று ஆண்கள். துலுக்காணம், நான், அப்புறம் கன்னியப்பன். கன்னியப்பன் திண்டிவனம் பக்கத்து மேட்டாங்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து மீன் தொழிலுக்கு இறங்கியவன். மீனைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அவன் வாயிலிருந்து "பொய்" வரவே வராது. தேசம்மாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஜிலேபி மீனைப் பெரிது சிறிதாகப் பிரித்து ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆக, துலுக்காணத்துக்கு இரை நான் ஒருத்தன்தான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேத்தி பிறந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் வாயைப் பிடித்துக்கொண்டு அவன் பஸ் ஏறக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். என் வலையை முழங்காலில் போட்டுக்கொண்டு வலை ஊசியைக் கையில் எடுத்தேன்.

துலுக்காணம் தொண்டையைக் கனைத்தான்.

"காத்தால ஒரு கூத்து நடந்துச்சு கன்னியப்பா. காத்தடிச்ச லாரி டியூப்ல உக்காந்து ஏரி நடுவுல போய்க்கினு இருக்கேன். திடீர்னு டியூப்பு நவுரல. துடுப்ப போடறேன், போடறேன், அங்கியே நிக்குது. கவுத்துப் பாத்தா, அடியில ஒரு சக்கரு ஒட்டிக்கினு நக்குது. நக்கின நக்குல, டியூப்புல போட்டிருந்த பஞ்சர் ஒட்டெல்லாம் காணோம். ஓட்டையும் காணோம். புது டியூப்பு மாதிரி ஆயிடுச்சு."

"ஓட்ட எப்டி மாமா காணாம பூடும்?" என்றான் கன்னியப்பன், கண்ணை அகல விரித்து.

"ஓட்டையும் அழுக்குதானேடா? அத்தையும் நக்கிடுச்சு."

"அதானே" என்று கன்னியப்பன் தலையாட்டினான். துலுக்காணம் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். நான் கண்ணியில் கண்ணாக இருந்தேன்.

"இன்னா எத்திராஜி, பேச்சையே காணோம்?"

"இருக்கும், இருக்கும். மேல சொல்லு" என்றேன்.

"அத்த வூட்டுக்குத் தூக்கிக்கினு போனேன். என் சம்சாரம் அடிப்புடிச்ச பொங்கல் பானய ஊறப் போட்டிருந்தா. அதுல விட்டேன். ஒரு நாழியில பானை பளபளன்னு ஆயிடுச்சு. போதும்னு எடுத்திருக்கணும். நான் டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா, பானையில அவ பேரு வெட்டியிருந்துச்சு பாரு, அது இல்ல. அதுக்கு மின்னாடி என் மாமியா பேரு வெட்டியிருந்துச்சாம், அது தெரியுது. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா பாத்திரக் கடைக்காரனோட பாட்டன் பேரே தெரிஞ்சிருக்கும்."

"ண்ணா, உன் வாய அந்தப் பானையில வச்சிருந்தா அதும் சுத்தமாயிருக்குமே" என்றாள் தேசம்மாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ நம்பமாட்டியா தேசம்மா?"

"பொய்யி பொய்யின்னு நூறு தடவ சொல்றேன் ண்ணா. இன்னா பிரயோசனம்? என் பேச்சு கணக்குல இல்லியே."

அவள் அந்த வார்த்தையை வாய் நிறையச் சொன்னபோது எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

துலுக்காணம் சளைக்கிற ஆளா? அடுத்து மச்சானை இழுத்தான். அவனுடைய மச்சான் தலைக்குச் சாயம் பூசி, மீசையை முறுக்கி, இரண்டாம் தாரமாகப் பெண் பார்க்கப் புறப்பட்டாராம். குளிக்க உட்கார்ந்தவர் தொட்டியில் சக்கர் இருப்பதைப் பார்க்காமல் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிவிட்டாராம்.

"ஊத்தின தண்ணியோட மீனும் தலையில குந்திக்கிச்சு. வுடல. சரி, தலப்பாக் கட்டு மாதிரி இருக்குது, அவசரத்துக்கு ஆவட்டும்னு மேல துண்ட சுத்திக்கினு போயிட்டாரு. அங்க பொண்ணு காப்பி குடுக்குது. இவரு மரியாதைக்குத் துண்ட அவுக்கறாரு. சாயம் பூரா நக்கி, தல கொக்கு மாதிரி வெளுத்திருக்குது. பொண்ணு சொல்லுச்சாம், தாத்தா வந்திருக்காரு, மாப்ள எப்ப வருவாருன்னு."

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மச்சானை எனக்குத் தெரியும். சாயம் பூசுகிற ஆள்தான். பெண் தட்டிப்போனதும் நிஜம்தான். சிரிப்பைத் தொண்டையிலேயே மென்று விழுங்கி, "பாவம் மனுசன்" என்று மட்டும் சொன்னேன்.

கொட்டகைக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. துலுக்காணம் அதைப் பார்த்தான். கையில் வலை ஊசி இருந்தது, ஆனால் ஒரு கண்ணிகூடப் பின்னவில்லை. முழு நம்பிக்கையும் என் வாய்மேல் வைத்திருந்தான்.

"பஸ்ஸு கதைய சொன்னேனா?" என்றான். "போன ஐப்பசி மழையில நம்ம மூணு மணி பஸ்ஸுக்குக் கண்ணாடி தொடைக்கிற கம்பி ஒடைஞ்சு போச்சு. டிரைவரு வண்டிய எடுக்கமாட்டேன்ட்டாரு. ஜனமெல்லாம் நடுத்தெருவுல நிக்குது. நான் கூடையில வச்சிருந்த ரெண்டு சக்கர எடுத்தேன். கண்ணாடிக்கு வலதுல ஒண்ணு, எடதுல ஒண்ணு, பச்சக்னு ஒட்டினேன். நக்கிக்கினே மேல போவும், நக்கிக்கினே கீழ வரும். செங்கல்பட்டு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கண்ணாடியில நிக்கல."

"எதிர்க்காத்துல வுழலியா மாமா?"

"பஸ்ஸு வேகமா போவப் போவ அதுங்களுக்குக் குஷி. வளைவு வந்தா ரெண்டும் ஒரே பக்கமா சாஞ்சுக்கும். நடு வழியில செக்கிங் ஏறினாங்க. எல்லாரையும் டிக்கெட்டு கேட்டாங்க. கண்ணாடியப் பாத்துட்டு, இதுங்களுக்கு டிக்கெட்டு எங்கன்னு கேட்டாங்க. கண்டக்டரு சொன்னாரு, சார், அவங்க டூட்டியில இருக்காங்கன்னு."

நான் வலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பல்லுக்கு நடுவே ஊசி இருந்தால் வார்த்தை வெளியே வராது என்பது அன்றைக்கு நான் கண்டுபிடித்த வித்தை.

"அதுல ஒண்ணுக்கு வேல நெரந்தரமாச்சு" என்றான் துலுக்காணம், என்னையே பார்த்துக்கொண்டு.

"ஊம்" என்றேன், ஊசியோடு.

அப்போதுதான் அவன் புது வழியில் வந்தான். இதுவரை மச்சான், கண்டக்டர் என்று ஊரான்களைச் சொன்னவன், நேராக என் மேலேயே கை வைத்தான்.

"நம்ம எத்திராஜி மீனவர் சங்கத் தலைவர் தேர்தல்ல நின்னானே, கன்னியப்பா, நீ அப்ப வரல. அதுல யாரு ஜெயிச்சாங்க தெரியுமா?"

எனக்குக் காது சுட்டது. அந்தத் தேர்தலைப் பற்றி என் எதிரே யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

"ஓட்டு எண்ணிக்கினு இருக்காங்க. தலைவரு நாற்காலி காலியா இருக்குது. கரையிலேர்ந்து ஒரு சக்கரு துடுப்ப ஊனி ஊனி நடந்து வந்து, படியேறி, நாற்காலியில ஏறி ஒட்டிக்கிச்சு. எத்தினி பேரு புடிச்சு இழுத்தோம்! வரவே இல்ல. நாற்காலியோட தூக்கிக் கவுத்தோம். அப்பவும் வரல. பெரியவங்க பாத்தாங்க. இம்மாம் உறுதியா நாற்காலியப் புடிச்சிக்கினவன் இதுவரைக்கும் யாரும் இல்ல, இதுவே தலைவரா இருக்கட்டும்னு வுட்டுட்டாங்க. ரெண்டு வருசம் இருந்துச்சு. பேசாது, சண்டைக்கு வராது, தூங்கினாலும் கண்ணு மூடாது. அந்த ரெண்டு வருசந்தான் சங்கம் சங்கமா இருந்துச்சு."

"எத்திராஜு மாமாவுக்கு எத்தினி ஓட்டு?" என்று கன்னியப்பன் அக்கறையாகக் கேட்டான்.

"அந்த மீனு மட்டும் நிஜமா நின்னிருந்தா, நானே அதுக்குத்தான் குத்தியிருப்பேன்" என்றாள் என் சம்சாரம்.

ஊசியைக் கடித்த கடியில் என் கடைவாய்ப் பல் ஆடியது. "நல்ல மீனு" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்தேன். ஏரியில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் பொறுமையைப் பார்த்துப் பொறுமை கற்றுக்கொண்டேன்.

துலுக்காணத்தின் முகத்தில் வேர்வை கட்டியது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டு கரையைக் காட்டினான். கரையில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வரிசையாகப் பொந்துகள். சக்கர் மீன் தோண்டியவை. அதில் மட்டும் பொய்யில்லை, கரையே சல்லடையாகி இருக்கிறது.

"அந்தப் பெரிய மழையில ஏரி ரொம்பிச்சே, கரை ஒடையாம எப்டி நின்னுச்சுன்னு நெனச்சுக்கினு இருக்கீங்க? மிச்சத் தண்ணி வழியற கலங்கலயே தாண்டிப் போவுது, ஒவ்வொரு பொந்துலயும் பீச்சி அடிக்குது. மணல் மூட்ட போட்டாங்க, மூட்டய அடிச்சுக்கினு பூடுச்சு. நான் கரைமேல நின்னு ஒரு சத்தம் போட்டேன். பொந்து தோண்டினவன்தான்டா அடைக்கணும், வாங்கடா வெளியேன்னு. ஏரி பூரா இருக்கிற சக்கருங்க வந்துச்சுங்க. ஒரு பொந்துக்கு ஒண்ணா வாய வச்சு உறிஞ்சிக்கினு ஒட்டிக்கிச்சுங்க பாரு, கரை அப்டியே இரும்பு மாதிரி நிக்குது."

"அப்ப நம்ம ஊர காப்பாத்தினது சக்கருங்களா?" கன்னியப்பன் கை கூப்பாத குறை.

"ஊரயா? முழுசாக் கேளு. பொந்துல எடம் கெடைக்காத மீனுங்க நெறய இருந்துச்சுல்ல? அதுங்க ஊருக்குள்ள வந்து, வூட்டுக்கு அடியில பூந்து, கடக்காலப் புடிச்சிக்கிச்சுங்க. வெள்ளத்துல ஒரு வூடு நவுரல. போஸ்டாபீசு ஒண்ணுதான் ஒரு வூடு தள்ளிப் போச்சு. அங்க புடிச்சிக்கினு இருந்தது குஞ்சு மீனு."

"அதான் எனக்கு வர மணியார்டரு பக்கத்து வூட்டுக்குப் போவுது!" என்று கன்னியப்பன் தொடையில் தட்டினான். பாவம், நிஜமாகவே அவனுக்கு அந்தக் குறை வெகுநாளாக இருந்தது.

எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வலையில் ஓட்டை இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த ஓட்டை வழியாகத் துலுக்காணம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்திராஜி, வாய் துடிக்குதே. இன்னாவோ சொல்ல வர்ற. சொல்லிடு."

"ஒண்ணுமில்ல. கொட்டாவி."

அவன் எழுந்து நின்றுவிட்டான். உட்கார்ந்து சொல்கிற கதை முடிந்துவிட்டது, இனி நின்றுதான் சொல்ல வேண்டும் போலிருந்தது. கையை வானத்துக்கு நீட்டினான்.

"நிலாவுல கறை இருக்குதுல்ல? போன பௌர்ணமிக்கு நான் மதகுமேல படுத்துக்கினு அதயே பாத்துக்கினு இருந்தேன். எவ்ளோ பெரிய பொருளு, எப்டிப் பாசி புடிச்சுக் கெடக்குது, கேக்க நாதியில்லன்னு மனசுக்கு வருத்தமாப் பூடுச்சு. நம்ம சக்கர எடுத்தேன். அதோ அந்தப் பனமரம், அதுல ஒட்ட வச்சேன். நக்கிக்கினே ஏறிச்சு. உச்சிக்குப் போச்சு. நிலா சரியா பனமரத்து மேல வர்ற நேரம், ஒரு எம்பு. பச்சக்!"

"நிலாவுலயா?" கன்னியப்பன் எழுந்தே விட்டான்.

"நிலாவுல. நான் கீழேர்ந்து வழி சொல்றேன். இன்னும் கொஞ்சம் எடதால, அந்த மொயலு காதுகிட்ட, அங்க வுடாதே, தேய், நல்லா தேய்ன்னு. அதும் தேய்க்குது. ஒரு ஓரம் வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. விடிஞ்சப்ப நிலா அந்தாண்ட எறங்குது, மீனு அதோட போயிடுச்சு. மறுநா சாயங்காலம் நிலா வரச்ச அதும் கூடவே வந்து, பனமரத்துல எறங்கி, வூட்டுக்கு வந்திடுச்சு. வாயெல்லாம் வெள்ள மாவு. என் சம்சாரம் அத்த எடுத்துக் கோலம் போட்டா."

"அப்ப அதுக்கப்புறம்தான் நிலா தேய ஆரம்பிச்சுதா மாமா?"

"மின்னாடியும் தேயும். ஆனா இவ்ளோ வேகமா தேயாது."

கன்னியப்பன் கொட்டகையை விட்டு வெளியே ஓடி, பட்டப்பகலில் நிலாவைத் தேடினான். தேசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி மேலே சாய்ந்துவிட்டாள். எனக்கோ உள்ளங்காலிலிருந்து அந்த ஒற்றை வார்த்தை கிளம்பி, வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. "பொ" என்று உதடும் குவிந்துவிட்டது. துலுக்காணம் தன் வலையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டத் தயாரானான்.

"பொ... பொறுமையான மீனு" என்றேன்.

துலுக்காணத்தின் கைகள் தாழ்ந்தன. அதே சமயம் ஊர் எல்லையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பஸ் உள்ளே வந்து, டீக்கடையில் நின்று, டிரைவர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பும். அவ்வளவு நேரம்தான் இருந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். போன மாதக் கணக்கெல்லாம் தீர்ந்தது என்று எனக்குள் ஒரே குதூகலம். துலுக்காணம் உட்கார்ந்து, வலையை மடியில் போட்டுக்கொண்டு, முதல் ஓட்டையைப் பின்ன ஆரம்பித்தான். கதை சொல்லும் குரல் போய்விட்டது. யாரிடமும் இல்லாமல், கண்ணியைப் பார்த்தபடியே பேசினான்.

"போவட்டும் வுடு. வலயப் பின்னித்தான் ஆவணும். ஆனா இந்த மீனு மேல எனக்குக் கோவம் வர்றதில்ல எத்திராஜி. போன கோடையில தண்ணி கொறைஞ்சப்ப ஒரு பொந்துல கைய வுட்டேன். உள்ள ஒரு சக்கரு. கைய முட்டுது, ஓடல. எடம் இருக்குது, ஓடியிருக்கலாம். ஓடல. மண்ண வெட்டிப் பாத்தா, அதுக்குப் பின்னாடி முட்ட, மஞ்ச மஞ்சளா, ஒரு கைப்புடி. ஆம்பள மீனு அது. பொட்ட மீனு முட்டயப் போட்டுட்டுப் போயிடுமாம். இதுதான் குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் வாசல்லயே கெடந்து காவல் காக்கும். எங்கியும் போவாது. தண்ணி வத்தினாக்கூட அங்கியே கெடக்கும். நான் மண்ண மூடிட்டு வந்துட்டேன்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"திலகா பொறந்தப்ப அவ அம்மா ஒடனே கூடய எடுத்துக்கினு மார்க்கெட்டுக்குப் போனா. நான்தான் வூட்ல கெடந்தேன். குளிப்பாட்டுவேன், பால் பொகட்டுவேன், தூளி ஆட்டுவேன். அதான் அவ மூஞ்சிய இன்னைக்கே பாக்கணும் போல இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

டியூப் ஓட்டையை நக்கிய மீனைத் தாங்கினேன். பஸ் கண்ணாடி துடைத்த மீனைத் தாங்கினேன். என்னைத் தேர்தலில் தோற்கடித்த மீனைக்கூடத் தாங்கினேன். இது என்னால் ஆகவில்லை. எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் கத்திவிட்டேன்.

"பொய்! பச்சப் பொய்! ஒலகத்துல எந்த ஆம்பளைய்யா புள்ளையப் பாத்துக்குவான்? மீனா இருந்தாத்தான் இன்னா, ஆம்பள ஆம்பளதானே! பொட்ட ஊர் சுத்துமாம், இவரு வாசல்ல குந்தி முட்டயப் பாத்துக்குவாராம்! பொய்யி!"

நான் கத்திய கத்தலில் நாரைகூடக் காலை மாற்றி வைத்தது.

துலுக்காணம் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. "எத்திராஜி, இது நெசம்யா. கத இல்ல. நான் கதைக்கு சொல்லல."

"நெசமா?" என்றேன்.

"எங்க வேணா சத்தியம் பண்றேன். வா, பொந்தக் காட்டறேன்."

இப்போது ஒரு சிக்கல் வந்துவிட்டது. கதையைப் பொய் என்றால் வலை. நிஜத்தைப் பொய் என்றவனுக்கு என்ன? எங்கள் ஏரியில் இதுவரை அப்படி ஒருத்தன் செய்ததே இல்லை. துலுக்காணம் வலையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "நெசத்துக்கு ஆட்டம் செல்லாது, நான் வாங்கிக்கமாட்டேன்" என்று முறை பேசினான். அவ்வளவு பொய் சொன்னவனுக்கு இந்த நேர்மை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கன்னியப்பன்தான் தீர்ப்புச் சொன்னான். "மாமா, பொய்ய பொய்யின்னு சொன்னதுக்கே வல பின்னணும்னா, நெசத்த பொய்யின்னு சொன்னது அதவிடப் பெரிய தப்பு. எத்திராஜு மாமா அந்த வலையும் பின்னணும், என் வலையும் பின்னணும்."

அவன் வெகுளி என்று யார் சொன்னது?

"குடு ண்ணா" என்று தேசம்மாள் எழுந்து வந்து, துலுக்காணத்தின் மடியிலிருந்து வலையை வாரி எடுத்து என் மடியில் போட்டாள். "ஓடு. பஸ்ஸு திரும்புது பாரு. கொழந்தைக்கு என் பேரச் சொல்லி ஒரு முத்தம் குடு."

துலுக்காணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஓடினான். செருப்பைக்கூட மாட்டவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. கன்னியப்பன் கொட்டகை வாசலில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்த அடியில் அது நின்றது. ஏறும்போது துலுக்காணம் திரும்பி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். தூரத்திலிருந்தே அவன் பல் தெரிந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கன்னியப்பன் தன் வலையையும் அழகாக மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனான். நானும் தேசம்மாளும் மட்டும் இருந்தோம். அவள் மீனை அடுக்கினாள், நான் ஓட்டையை அடைத்தேன். ஒரு ஓட்டையை அடைத்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது.

அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இன்னா சிரிப்பு? நான் மட்டும் புள்ளைங்களப் பாத்துக்கலியா?" என்றேன். "ஒண்ணுக்கு மூணு பெத்திருக்கோம். நம்ம சின்னவனுக்கு ஒரு நாள் மத்தியானம் பூரா நான்தான் தூளி ஆட்டினேன். மறந்துட்டியா?"

தேசம்மாள் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"மறக்கல. ஆட்டின. புள்ள என் இடுப்புல இருந்தான், மார்க்கெட்டுல."